துவசத்துக்கு மீன்

மலர் டீச்சர் ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்தபடி சமையலறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறார். அடுப்பில் ரவை வறுபடுகிறது. ஜன்னலுக்கு வெளியே ஆக்லாந்தில் பக்குரங்காவின் ஞாயிற்றுக்கிழமைக் காலை. பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, அது கிளம்பாததால் அதனோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

மறுமுனையில் ஜாம்பியா. ஏரிக்கரையில் ஒரு சிறு நகரம். அங்கே தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு விடுதி. நமக்கு ஞாயிறு விடிந்தாலும் அவர்களுக்கு இன்னும் சனிக்கிழமை முடிந்திருக்காது. இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். டீச்சர் அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார். முதலில் விடுதியை நடத்தும் எஸ்தர் அம்மாவிடம் பேசுவார். பிறகு யாராவது ஒரு பிள்ளையைப் போனுக்கு வரச் சொல்வார்.

அன்று வந்தது ஒரு சின்னப் பெண். டீச்சர் ஆங்கிலத்தில் என்ன சாப்பாடு என்று விசாரித்தார். குழந்தை பதில் சொன்னது. அப்புறம் குழந்தை ஏதோ கேட்டது. டீச்சர் முகத்தில் இருந்த சிரிப்பு எடுத்து மாட்டிய படம் மாதிரி அப்படியே நின்றுவிட்டது.

போனை வைத்த பிறகும் அவர் நகரவில்லை.

"என்ன டீச்சர்?" என்றேன்.

"அந்தச் சின்னன் என்னட்டக் கேக்குது காசி, இண்டைக்கு ஆர் செத்தது எண்டு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரவை கருகும் வாசனை மட்டும் வந்தது. எழுந்து அடுப்பை அணைத்தேன்.

சோள மாவு வாங்கப் போன இடத்தில்

ஆக்லாந்தின் விரி பகுதியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைப் போன வாரம் சொன்னேன். அந்த வேலை கிடைத்த சமயத்தில்தான் மலர் டீச்சரைச் சந்தித்தேன்.

ஓர் இந்திய மளிகைக் கடையில் வெள்ளைச் சோள மாவு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மஞ்சள் மாவை எடுத்துக் காட்டினார்கள். அது வேண்டாம், வெள்ளைதான் வேண்டும் என்றேன். பக்கத்தில் பருப்புப் பொட்டலங்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். கைத்தறிச் சேலை, மேலே ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை, காலில் ஓட்டப்பந்தயச் சப்பாத்து.

"வெள்ளை மா உமக்கு என்னத்துக்கு?"

"ஷீமா கிண்ட."

"எங்க சாப்பிட்டனீர்?"

"ஜாம்பியாவுலங்க."

அவர் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். அந்த வாரமே நான் அவர் வீட்டுக் கராஜில் குடியேறினேன்.

ஷீமா என்பது நம் களிதான். வெள்ளைச் சோள மாவில் கெட்டியாகக் கிண்டி, கையால் உருட்டி, ஏதாவது தொட்டுச் சாப்பிடுவார்கள். தொட்டுக்கொள்ள என்ன என்பதில்தான் பணக்காரனும் ஏழையும் பிரிவார்கள். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பசி.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கப்பல் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே தார் எஸ் சலாம் போய்ச் சேர்ந்தேன். அங்கே கப்பல்காரனோடு சண்டை, இறங்கிவிட்டேன். செம்பு இறக்கிவிட்டுத் திரும்பிய லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு ஜாம்பியா வரை போனேன். போன இடத்தில் வேலை இல்லை. காய்ச்சல் வேறு வந்தது. சந்தையில் கருவாடு விற்கும் ஒரு குடும்பம் தங்கள் தகரக் கொட்டகையின் ஓரத்தில் என்னைப் படுக்க விட்டது. எழுந்து உட்கார முடிந்த அன்று ஒரு தட்டில் ஷீமாவும், தக்காளியில் வதக்கிய பொடி மீனும் வைத்தார்கள். நம் நெத்திலிக் கருவாடுதான், கொஞ்சம் சின்னது. ஏரியில் பிடித்து மணலில் காயவைப்பது. அதற்கு முன்னும் பின்னும் நான் எவ்வளவோ சாப்பிட்டிருக்கிறேன். அந்த ருசி வரவில்லை.

மாஸ்டரிடம் படித்தவர்கள்

டீச்சரும் அவர் கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து ஜாம்பியாவுக்கு வேலைக்குப் போனவர்கள். அந்தக் காலத்தில் அந்த நாட்டுக்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஆசிரியர்கள் நிறைய இருந்தார்கள். அவர் கணக்கு, இவர் ஆங்கிலம். ஏரிக்கரையில் ஒரே பள்ளிக்கூடத்தில் பல வருஷம் படிப்பித்தார்கள். கணவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். டீச்சரும் அப்படித்தான் சொல்வார்.

மாஸ்டர் அங்கேயே இறந்தார். மலேரியா. மாணவர்கள் விறகு சுமந்து வந்து ஏரிக்கரையில் எரித்தார்கள். ஊருக்குத் திரும்பலாம் என்றால் ஊரில் சண்டை. மகள் ஆக்லாந்தில் இருந்ததால் டீச்சர் இங்கே வந்தார். பிறகு மகள் வேலை மாற்றலாகி ஆஸ்திரேலியா போய்விட்டாள். டீச்சர் வீட்டைக் காத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார்.

இங்கே வந்த கொஞ்ச காலத்தில் அங்கிருந்து சாவுச் செய்திகள் வரத் தொடங்கின. எல்லாம் வாலிப வயதுச் சாவு. அந்த நோயின் பெயரை யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். "இருமல்" என்பார்கள், "மெலிந்து போனான்" என்பார்கள். புருஷன் போன பின்னாலே பெண்டாட்டியும் போவாள். பிள்ளைகள் நிற்கும்.

"நான் ஏ பி சி சொல்லிக் குடுத்த பிள்ளையளின்ர பிள்ளையள், காசி. நான் பேரப்பிள்ளையளை விட்டிட்டு இஞ்ச குளிருக்குக் கம்பளி பின்னிக்கொண்டு இருக்கிறதோ?"

அந்தப் பள்ளியின் பழைய மாணவிதான் எஸ்தர். அவர் தன் வீட்டில் ஆறேழு பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவர்களுக்குச் சாப்பாடு, பள்ளிக் கட்டணம், சீருடை. இதற்காகத்தான் பக்குரங்காவில் ஒரு சங்கம் பிறந்தது. பெயர் வைக்கவே மூன்று கூட்டம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். சங்கம் தமிழர்கள் நடத்துவது என்பதற்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. கடைசியில் 'பிள்ளைகள் நிதி' என்று வைத்தார்கள்.

எனக்குப் பதவி கிடையாது. கிடங்கில் வீணாகும் அட்டைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வருவேன். சீருடைகளையும் பயிற்சிக் கொப்பிகளையும் அவற்றில் அடுக்கி நாடா ஒட்டிக் கப்பலுக்கு அனுப்புவேன். கப்பலைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதால் அதில் என் பேச்சுக்கு எதிர்ப் பேச்சு இல்லை.

ஒரு நாள், ஒரு பெயர்

நிதி தழைத்தது டீச்சரின் ஒரு யோசனையால்.

இறந்தவரின் நினைவு நாளை நாங்கள் தெவசம் என்போம். யாழ்ப்பாணத்தார் துவசம் என்பார்கள். அன்று வீட்டில் சமைத்து, ஏழைகளுக்கோ ஆதரவற்ற பிள்ளைகளுக்கோ சாப்பாடு கொடுப்பது அவர்கள் வழக்கம். ஆக்லாந்தில் யாருக்குக் கொடுப்பது? கோயில் என்று சொல்லிக்கொள்ளவும் அப்போது வாடகை மண்டபம்தான் இருந்தது. சிலர் ஐயரைத் தேடி அலைந்தார்கள். சிலர் டெய்ரி என்கிற மூலைக்கடையில் ரொட்டி வாங்கிக் காக்கைக்குப் போட்டார்கள். இங்கே காக்கையும் கிடையாது, கடற்புறா வந்து தின்றது.

டீச்சர் சொன்னார்: "உங்கட ஆளின்ர துவசத்துக்கு அங்க பிள்ளையளுக்கு ஒரு நாள் சாப்பாடு குடுங்கோ. மிஞ்சிறது பள்ளிக்கூடத்துக்குப் போகும். எஸ்தர் சாப்பாட்டுக்கு முதல் பேர் சொல்லிச் செபம் செய்வா."

சனம் பிடித்துக்கொண்டது. ஆனால் துவசச் சாப்பாடு என்றால் சைவம். அதில் பேச்சே இல்லை. டீச்சரும் பிறந்ததிலிருந்து மச்சம், அதாவது மீன் இறைச்சி, தொடாதவர். அவர் சமையலறைக்குள் ஒரு முட்டைகூட வந்ததில்லை. எஸ்தருக்கு அவரே சொல்லிவிட்டார்: பெயர் உள்ள நாளில் மீன், இறைச்சி வேண்டாம். எஸ்தர் சரி என்றார். அந்த நாளில் சிவப்புப் பயறும் கீரையும்.

திதி எந்த நாட்டு நேரத்துக்கு என்று ஒரு சண்டை வந்தது. இங்கே திதி பிறந்தபோது அங்கே முந்தின நாள். எல்லர்ஸ்லியில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் பெரிய வேலையில் இருந்த சிவபாதம் பஞ்சாங்கத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார். டீச்சர் ஒரே வரியில் முடித்தார்.

"பிள்ளையளுக்குப் பசிக்கிற நேரத்துக்கு, சிவபாதம்."

முதலில் சில நாட்கள்தான் இருந்தன. ஆனால் அப்போது ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று வாசகர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் ஒரு சாவா இருந்தது? ஆக்லாந்திலிருந்து வெலிங்டன், ஹாமில்டன் என்று செய்தி பரவியது. அண்ணன், மைத்துனன், சித்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளை. டீச்சர் வீட்டுச் சமையலறை நாட்காட்டியில் பெயர் இல்லாத கட்டம் அருகிக்கொண்டே வந்தது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். பிள்ளைகள் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் சண்டை கூடக் கூட, ஜாம்பியாவில் மீன் குறைந்துகொண்டே வந்தது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பயறைப் பார்த்தால்

அன்று காலை கருகிய ரவையைக் கொட்டிவிட்டு டீச்சர் மறுபடி எஸ்தரைக் கூப்பிட்டார். இந்த முறை துருவித் துருவிக் கேட்டார். எஸ்தர் மரியாதைக்காரி. கொடுத்தவர்களைக் குறை சொல்வது அவர் வளர்ப்பில் இல்லை. தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

பயறு வந்தால் யாரோ செத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். பயறு தினமும் வருகிறது. சின்னவர்கள் பெயரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுகிறார்கள். பெரியவர்கள் தட்டைத் தள்ளுகிறார்கள். நூறு அடி தள்ளி ஏரி. ஊரெல்லாம் மீன் பொரிக்கும் வாசனை.

"எங்கள் ஊரில் செத்தவருக்காகக் கோழி அடிப்போம். உங்கள் மக்கள் சோகத்தில் ரொம்பக் கண்டிப்பானவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்" என்றாராம் எஸ்தர்.

அத்தோடு இன்னொன்றும் சொன்னார். மோசஸ் போய்விட்டான்.

மோசஸின் தகப்பன் மாஸ்டரிடம் படித்த பிள்ளைகளிலேயே கெட்டிக்காரன். மாஸ்டர் இறந்தபோது விறகுக்கு முன்னால் நின்றவன். அவனும் மனைவியும் ஒரே வருஷத்தில் போனார்கள். மோசஸுக்கும் அதே கணக்கு மூளை. அந்த வருஷக் கடைசியில் பெரிய பரீட்சை, தேறினால் மேல்பள்ளி. அவன் படத்தைத்தான் டீச்சர் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார், சொந்தப் பேரனின் படத்துக்கும் மேலே. அவன் இரவு மீன்பிடிப் படகு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். படகில் தினமும் மீன் சாப்பாடு.

"மீனுக்காகப் படிப்பை விட்டிட்டான் எண்டா நம்புவீரோ?"

"நம்புவேன் டீச்சர்" என்றேன். "நான் எட்டாப்பு விட்டுட்டுக் கப்பல்ல ஏறினதும் சாப்பாட்டுக்குத்தான். உலகம் சுத்திப் பாக்கன்னு அப்புறமா சொல்லிக்கிட்டது."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் உப்புமா இல்லாமல் வெறும் தேநீர் குடித்தோம்.

வரவேற்பறையில் ஒரு யுத்தம்

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் கூட்டம் கூட்டினார். வரவேற்பறை நிறைய ஆட்கள். வாசலில் சப்பாத்துக் குவியல். டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. துவச நாளில் பிள்ளைகளுக்கு மீன் கொடுக்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்றார்.

உடனே எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

"துவசத்துக்கு மச்சமோ? டீச்சர், நீங்களோ கதைக்கிறியள்?" சிவபாதம் எழுந்தே நின்றுவிட்டார்.

அவரைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிதிக்கு ஆரம்பத்திலிருந்தே தூண் அவர்தான். எல்லர்ஸ்லிப் பக்கம் வேலை செய்த பாதிப் பேர் அவர் சொல்லித்தான் சேர்ந்தார்கள். தன் தம்பியின் பெயரில் கொடுத்தார். தம்பி ஷெல் விழுந்து செத்தவன் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. அவர் மனைவிக்கே தெரியாது என்பார்கள். அவர் விலகினால் பாதி நிதி விலகும். விலகினால் மீனுக்கு மட்டுமில்லை, பயறுக்கும் வழி இருக்காது.

"வேற நாளில மீனைக் குடுங்கோ" என்றார் ஒருவர்.

"வேற நாள் எங்க இருக்கு?" என்றார் டீச்சர். "நாட்காட்டியைப் போய்ப் பாருங்கோ. எல்லா நாளிலயும் எங்கட ஆக்கள் செத்திருக்கினம்."

பரமேஸ்வரி அக்கா ஒரு மூலையில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பல் மருத்துவமனையில் துப்புரவு வேலை, விதவை, வாய் கொஞ்சம் பெரிது. "எட்டுச் செலவுக்கு நாங்கள் ஆடு, மீன், சாராயம் எல்லாம் படைக்கிறேல்லையோ? செத்து எட்டாம் நாள் தின்னலாம், வருஷம் திரும்பினாப் பிறகு சாமியாராப் போயிடுவினமோ?"

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். சிவபாதம் சிரிக்கவில்லை. "அது வேற, இது வேற அக்கா."

"என்ர மனுசன் மீன் இல்லாத நாள் கோப்பையை எறிஞ்சவர். அவற்ற பேரில நான் கீரை குடுத்துக்கொண்டு இருக்கிறன். மேல இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்."

"சரி, ஒரு கதை சொல்லுறன்" என்றார் டீச்சர். குரல் தணிந்திருந்தது. "என்ர மாஸ்டர் சுத்த சைவம் எண்டு நீங்கள் எல்லாரும் நினைக்கிறியள். அவர் பின்னேரங்களில எஸ்தர் வீட்டில போய் கருவாடு சாப்பிட்டவர். கொப்பி திருத்தப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போவார்."

பரமேஸ்வரி அக்கா பாதி வடையைத் தட்டில் வைத்தார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் பரமேஸ்வரி அக்கா.

"சட்டை ஆர் தோய்க்கிறது? மணக்காதோ? நானும் கேக்கேல்லை, அவரும் சொல்லேல்லை. நல்லாச் சாப்பிடட்டும் எண்டு விட்டிட்டன்." கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "வாற மாதம் அவற்ற துவசம். அண்டைக்குக் கருவாடு. என்ர பேச்சு முடிஞ்சுது. மற்றவை அவரவர் விருப்பம். உங்கட ஆளுக்கு என்ன பிடிக்கும் எண்டு மட்டும் வந்து சொல்லுங்கோ. சைவம்தான் பிடிக்கும் எண்டால் சைவம்."

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு நாளும் பெயரும் திதியும் மட்டும் சொன்னவர்கள் ஒருவர் ஒருவராக வாயைத் திறந்தார்கள். என் அம்மாவுக்குக் கணவாய். என் அண்ணனுக்குக் கோழிக் கால், அதுவும் இரண்டும் அவனுக்கே வேண்டும். என் மாமா இறைச்சி தொட மாட்டார், ஆனால் உருளைக்கிழங்குப் பொரியலுக்கு உயிரை விடுவார். ஒரு பெண் சொல்லத் தொடங்கி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டு குடும்பங்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போயின. அவை பிறகு திரும்பவே இல்லை.

டீச்சர் சிவபாதம் பக்கம் திரும்பினார். "உம்மட தம்பி என்னத்தை விரும்பிச் சாப்பிடுவான்?"

"அது உங்களுக்கு என்னத்துக்கு?"

சப்பாத்துக் குவியலில் தன் சப்பாத்தைத் தேடினார். கிடைக்க நேரமானது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் குனிந்து தேடிக்கொண்டிருந்தது பார்க்கச் சங்கடமாக இருந்தது. கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

படையல்

சிவபாதத்திடமிருந்து பல வாரம் பேச்சில்லை. மாஸ்டரின் துவசத்துக்குக் கருவாடு போயிற்று. மோசஸ் வரவில்லை. படகுக்காரர் மூலம் எஸ்தர் சொல்லி அனுப்பியும் வரவில்லை. ஒரு நாள் மீன் போட்டால் நம்புவதற்கு அவன் குழந்தையா?

டீச்சர் வழக்கம்போலத்தான் இருந்தார். ஆனால் அவர் சுட்ட தோசை எல்லாம் ஒரு பக்கம் தடித்தே வந்தது.

ஒரு மழை நாள் மத்தியானம் நான் கராஜில் சீருடைப் பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தேன். சிவபாதம் குடையோடு வந்து நின்றார். டீச்சர் கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். தெரியும், கார் இல்லை என்றார். ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"காசி, உங்கட பக்கம் செத்தவைக்கு என்ன செய்யிறனீங்கள்?"

"படையல் போடுவோம்ணே. எங்கப்பா மீன் ஏலக் கடையில கூடை தூக்குனவரு. அவருக்கு மீன் கொழம்பு, வறுத்த கருவாடு, ரெண்டு பீடி, அரை கிளாஸ் சாராயம்."

"சாராயமுமோ!"

"ஆமாண்ணே. உசுரோட இருந்தப்ப குடிச்சாருல்ல?"

"படைச்சாப் பிறகு அதை ஆர் குடிக்கிறது?"

"சித்தப்பா. அவருதான் வருசம் தவறாம படையல ஞாபகப்படுத்துவாரு."

சிவபாதம் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு முடிகிற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

"சூடை மீன் பொரியல்" என்றார் தரையைப் பார்த்து. "அம்மா பொரிக்கப் பொரிக்கச் சட்டியிலயிருந்து எடுப்பான். கை சுடும், ஊதி ஊதித் தின்னுவான். அம்மா அகப்பையால அடிப்பா. பிறகு இன்னும் ரெண்டு போடுவா."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் நாடாவைக் கிழிக்காமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வாற செவ்வாய்க்கிழமை அவன்ர நாள். டீச்சரிட்ட நீர் சொல்லும். நான் சொன்னா எனக்குக் கதை வராது."

"நீங்களே வாங்கண்ணே. மீனுக்கு டீச்சர்கிட்ட நான் சொல்லிடறேன், அன்னைக்கு எஸ்தரம்மாகிட்ட போன்ல நீங்க பேசுங்க."

மெல்லும் சத்தம்

அவர் வந்தார். அங்கே செவ்வாய் இரவு என்றால் இங்கே புதன் காலை. அவர் எல்லர்ஸ்லிக்குப் போகிற வழியில், கழுத்துப்பட்டியோடு வந்து சமையலறையில் நின்றார். டீச்சர் எண்ணைச் சுழற்றினார். எஸ்தர் எடுத்ததும் கொஞ்ச நேரம் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மலர்ந்தது. வாயைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

மோசஸ் வந்திருக்கிறான்.

கருவாட்டுக்குப் பிறகு கோழி, கோழிக்குப் பிறகு மீன் என்று விடுதிச் செய்தி ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. படகுச் சாப்பாடு சலித்ததா, படகு வேலை முதுகை ஒடித்ததா தெரியாது. மத்தியானமே வந்து, பழைய சீருடையைக் கேட்டு வாங்கித் துவைத்துக் காயப்போட்டிருக்கிறான். சட்டைக் கை குட்டையாகிவிட்டதாம். எதுவும் பேசவில்லையாம். இப்போது மேசையில் உட்கார்ந்து பொரித்த மீன் தின்றுகொண்டிருக்கிறான்.

"அவனிட்ட போனைக் குடுக்கச் சொல்லுங்கோ" என்றார் சிவபாதம். டீச்சர் ரிசீவரை நீட்டினார்.

சிவபாதம் அலுவலகக் குரலில் ஆங்கிலத்தில் தொடங்கினார். நல்வாழ்த்துச் சொன்னார். பரீட்சையைப் பற்றிக் கேட்டார். பிறகு, மீன் எப்படி இருக்கிறது என்று கேட்டார். மறுமுனையில் பையன் மெல்லுவது எனக்கே கேட்டது. அவ்வளவு அருகில் நின்றிருந்தேன்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவர் ஒரு இடத்தில் மாறினார். எந்த வார்த்தையில் என்று என்னால் சொல்ல முடியாது.

"மெதுவாச் சாப்பிடு. முள்ளுப் பாத்துச் சாப்பிடு. அவசரப்படாதை, இன்னும் இருக்கு. நீ எப்பவும் இப்பிடித்தான். அம்மா ஏசுறா எண்டு கோவிக்கிறேல்லை, அவ சும்மா ஏசுறது. படிக்கிறதை விட்டிட்டு எங்கயும் போகாதை, என்ன? நான் உழைச்சு அனுப்பிறன். நீ படி. வெளியில போகாதை. சத்தம் கேட்டா உள்ளுக்க ஓடு. கேட்டியோ?"

அவர் தமிழில் பேசிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியவில்லை. நான் கையை உயர்த்தப் போனேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

ஏரிக்கரையில் அந்தப் பையன் என்ன நினைத்தானோ. போனை வைக்கவில்லை. அவர் நிறுத்துகிற இடத்தில் எல்லாம் "யெஸ் சார்" என்றான். மென்றுகொண்டே, மரியாதையாக, ஒவ்வொரு முறையும்.

சிவபாதம் ரிசீவரை டீச்சரிடம் கொடுத்தார். கழுத்துப்பட்டியை நேராக்கிக்கொண்டார். கைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் சப்பாத்தை மாட்டியபடி எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்ல பெடியன் டீச்சர்" என்றார். "சொன்னதுக்கெல்லாம் ஓம் எண்டான்."